மூன்றாம் சுற்றில் வீழ்ந்த டிராகன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தைப் பற்றி வெளிவந்த அறிமுகக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட இந்த ஆட்டம், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழ் நாளிதழ் ஒன்றில் இவ்வளவு பரிவோடு எழுதப்படும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. அதற்காகக் கட்டுரையாளருக்கும் தங்களுக்கும் என் நன்றி. எனினும் அதில் இடம்பெற்ற ஒரு கருத்தைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் ஓர் எண் தரப்பட்டிருக்கிறது, அதை ஆட்டக்காரர்களின் லெவலோடு பொருத்திப் பார்த்தால் சண்டை சமமாக அமைந்துவிடும் என்று கட்டுரை சொல்கிறது. முதல் ஐந்தாறு லெவல்கள் வரை இது ஏறக்குறையச் சரிதான். 11ஆம் லெவலைத் தாண்டியபின் அந்த எண் தடுமாறத் தொடங்குகிறது. 17ஆம் லெவலுக்குப் பிறகு அதை மட்டும் நம்பிச் சண்டையை அமைப்பவர் ஏமாந்துபோவார். ஏழு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஒரே குழுவுக்கு டன்ஜன் மாஸ்டராக இருந்துவரும் நானும் அப்படி ஏமாந்தவன்தான்.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நான்கைந்து ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்பார்கள். மாஸ்டர் உலகத்தையும் எதிரிகளையும் ஏற்று நடத்துவார். வெற்றிகளின் பலனாகக் கதாபாத்திரங்கள் முதல் லெவலிலிருந்து 20ஆம் லெவல் வரை வளரும். எதிரிக்குத் தரப்படும் அந்த எண்ணின் பெயர் 'சேலஞ்ச் ரேட்டிங்'. இதைச் சவால் எண் என்று சொல்லிக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் அறிமுகமான இது, 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வேறு கணக்கோடு தொடர்ந்தது. ஓய்வெடுத்து, தக்க ஆயுதங்களோடு வரும் நான்கு பேர், தம் லெவலுக்குச் சமமான சவால் எண் கொண்ட ஓர் எதிரியை உயிரிழப்பின்றி வெல்லலாம் என்பதே அந்த எண் தரும் உறுதி.

எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் விஷயம் எளிதாகப் புரியும். எங்கள் குழுவில் ஒரு போர்வீரன், ஒரு பாலடின் (புனித வீரர்), ஒரு மந்திரவாதி, ஒரு ரோக் (மறைந்து தாக்கும் தந்திரக்காரர்) என நால்வர். நான்கு ஆண்டுகள் ஆடி அவர்கள் 17ஆம் லெவலை எட்டியபோது, முதல் ஆண்டிலிருந்தே கதையில் பெயர் மட்டும் கேட்டுவந்த முதுபெரும் சிவப்பு டிராகனை அவர்கள் எதிரில் நிறுத்தினேன். அதன் சவால் எண் 24, உயிர்ப்புள்ளிகள் 546, அதை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் 62,000. 2014ஆம் ஆண்டுச் சட்டப்புத்தகத்தின் அட்டவணைப்படி 17ஆம் லெவல் ஆள் ஒருவருக்கு 8,800 புள்ளிகளைத் தாண்டிய சண்டை 'உயிருக்கே ஆபத்தானது'. நால்வருக்கும் சேர்த்து அது 35,200. ஆக, அட்டவணை ஆபத்து என்று சொல்லும் எல்லையைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு பலமுள்ள எதிரி அது. அன்று காலை மேசையைத் துடைத்துப் பகடைகளை எடுத்து வைக்கும்போது, இவர்களில் இருவரையாவது இழந்துவிடுவோமோ என்று உண்மையிலேயே அஞ்சினேன்.

டிராகன் மூன்றாம் சுற்றில் செத்தது. எல்லோரும் ஆளுக்கு ஒருமுறை செயல்படும் ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு விநாடி. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, நாடுகளை எரித்ததாக நான் நான்கு ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஓர் உயிர், பதினெட்டு விநாடிக்குள் தன் பொற்குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். பின்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவ்வளவுதானா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அந்தக் கேள்வியில் குறை சொல்லும் தொனி இல்லை. தமக்குச் சேரவேண்டிய ஒன்று கிடைக்காமற்போன வருத்தம் மட்டுமே இருந்தது.

எப்படி வீழ்ந்தது என்பதை அன்றிரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மலையடியிலிருந்து டிராகனின் குகை வரை ஐந்து அறைகள், காவலர்கள், பொறிகள் என்று மூன்று வாரம் செலவிட்டுத் தயாரித்திருந்தேன். மந்திரவாதியிடம் அந்தக் குவியலிலிருந்து சில மாதங்களுக்கு முன்பு திருடப்பட்ட ஒரு பொற்காசு இருந்தது. 'டெலிபோர்ட்' மந்திரத்தின் விதிப்படி, போகவேண்டிய இடத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுத்த பொருள் கையில் இருந்தால் குறி தவறவே தவறாது. ஏழாம் நிலை மந்திரத்துக்கான தன் அன்றாட வாய்ப்பு ('ஸ்லாட்') ஒன்றை மந்திரவாதி செலவழிக்க, நால்வரும் நேராகக் குவியலின் நடுவே போய் இறங்கினார்கள். ஐந்து அறைகளும் என் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிட்டன. புறப்படும் முன்பே நெருப்பைத் தாங்கும் மருந்தை நால்வரும் குடித்திருந்தார்கள். ஆகையால் சராசரி 91 புள்ளி சேதம் விளைவிக்கும் டிராகனின் நெருப்பு மூச்சு, தப்ப முடியாதவருக்கே 45தான் தந்தது. பாலடினின் அருகில் நிற்பவரை அச்சம் அண்டாது என்பதால் டிராகனின் அச்சமூட்டும் ஆற்றல் வீணாயிற்று. போர்வீரனுக்கு மந்திரவாதி முன்கூட்டியே அளித்திருந்த ஒன்பதாம் நிலை மந்திரம், அவன் வீசும் ஒவ்வொரு இருபது முகப் பகடையையும் இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ள வழி செய்தது. யார் முதலில் என்ற பகடையில் நால்வருமே டிராகனை முந்திவிட்டார்கள். 2014ஆம் ஆண்டு விதிப்படி வேகத்தில் டிராகனுக்குக் கூட்டுப் புள்ளி எதுவுமே கிடையாது. ஆகமொத்தம் டிராகனுக்குச் செயல்பட முழுமையாகக் கிடைத்த முறைகள் இரண்டே. இடையிடையே சட்டம் அனுமதிக்கும் 'லெஜண்டரி ஆக்ஷன்' என்னும் சிறு செயல்களைச் செய்தது. அவை யாரையும் வீழ்த்தப் போதவில்லை.

இதில் அந்த 24 என்ற எண் செய்த பிழை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிராகனின் அடியும் கவசமும் உயிர்ப்புள்ளியும் சரியாகவே அளக்கப்பட்டிருந்தன. அளக்கப்படாதவை வேறு: டிராகனுக்கு எத்தனை முறைகள் கிடைக்கும், சண்டை எங்கே நடக்கும், வருபவர்கள் எவ்வளவு செலவழித்த நிலையில் வருவார்கள் என்பவை. ஐந்தாம் லெவல் குழுவால் இம்மூன்றில் எதையும் பெரிதாக மாற்ற முடியாது. மாஸ்டர் போட்ட பாதையில் நடந்து, மாஸ்டர் வைத்த கதவைத் திறந்துதான் அவர்கள் வரவேண்டும். 17ஆம் லெவல் குழு சண்டையின் இடத்தையும் நேரத்தையும் தானே தீர்மானிக்கிறது. எதிரி வாய் திறக்கும் முன்பே அதன் முறையைப் பறிக்கிறது. உயர் லெவலில் உண்மையில் வளர்வது இந்த ஆற்றல்தான். பாத்திரத்தின் பலத்தை அடியும் உயிர்ப்புள்ளியும் கொண்டே அளந்துபார்க்கும் எந்த அட்டவணையும் இதைப் பிடிக்காது.

பிழை ஒரு பக்கமாக மட்டும் சாயவில்லை என்பதையும் சொல்லவேண்டும். டிராகன் விழுந்து ஒரு மாதத்துக்குப் பின், கதையின் போக்கில் நிலத்தடிச் சுரங்கம் ஒன்றில் மூளையைத் தின்னும் மூன்று 'மைண்ட் ஃப்ளேயர்' எதிரிகளை வைத்தேன். ஒவ்வொன்றின் சவால் எண் வெறும் 7. தலைக்கு 2,900 புள்ளி வீதம் மூன்றுக்கும் 8,700. எதிரிகள் மூவராய் வருவதால் 2014ஆம் ஆண்டு விதிப்படி அதை இரட்டித்தால் 17,400. எங்கள் குழுவுக்கு அது 'நடுத்தரம்'. பெரிய சண்டைக்கு முன்னால் ஒரு சின்ன இடைஞ்சலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அன்று பாலடின் கதைப்படி வேறொரு பாதையில் போயிருந்தார். மைண்ட் ஃப்ளேயரின் மனத்தாக்குதலை அறிவின் பலத்தால் தடுக்கவேண்டும். இருபது முகப் பகடையில் மொத்தம் 15 வரவேண்டும். எங்கள் போர்வீரனுக்கு அறிவுக்குக் கூட்டுவதற்கு எதுவும் இல்லாததோடு ஒன்று கழியவும் செய்யும். ஆகவே பகடை 16 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். நான்கில் ஒரு வாய்ப்பு. மறுபடி உருட்டும் உரிமையைப் பயன்படுத்தியும் விழவில்லை. ரோக்கும் அடுத்த தாக்குதலில் உறைந்து நின்றார். டிராகனையே வீழ்த்திய கைகள் அசையாமல் தொங்க, அந்த உயிரினம் போர்வீரனின் தலையைப் பற்றியபோது மேசையில் ஒருவரும் பேசவில்லை. மந்திரவாதி ஒருவரின் சமயோசிதத்தால் பிழைத்தார்கள்.

17ஆம் லெவல் போர்வீரனின் அறிவுச் சேவிங் த்ரோ, அதாவது தாக்குதலைத் தடுக்க உருட்டும் தற்காப்புப் பகடைக்கான எண், முதல் லெவலில் இருந்த அதே இடத்திலேயே நிற்கிறது என்பதுதான் இதன் காரணம். ஒரு கதாபாத்திரம் பெரும்பாலும் ஆறில் இரண்டு வகைத் தற்காப்புகளில் மட்டுமே தேர்ச்சி பெறுகிறது. தேர்ந்தவை லெவலோடு ஏறும், தேராதவை கிடந்த இடத்திலேயே கிடக்கும். எதிரிகளின் தாக்குதலோ ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே உயர் லெவல் குழுவை எங்கே தொட்டாலும் இரும்பு என்று எண்ணுவது தவறு. அதில் ஓரிடம் இரும்பாகவும் அடுத்த இடம் ஓலையாகவும் இருக்கும். தன் குழுவின் ஓலை எங்கே இருக்கிறது என்பதை மாஸ்டர் அறிந்திருக்கவேண்டும். நான் இப்போது நால்வரின் ஆறு தற்காப்பு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிவைத்திருக்கிறேன். எதிரியின் சவால் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு அந்தத் தாளைத்தான் பார்க்கிறேன்.

இந்தச் சிக்கலுக்குப் பெரும்பாலான மாஸ்டர்கள் முதலில் எடுக்கும் மருந்து, எதிரியின் உயிர்ப்புள்ளியைக் கூட்டுவது. ஆட்டத்தை உருவாக்கியவர்களும் ஐம்பது ஆண்டுகளாக ஓரளவு இதையே செய்துவந்திருக்கிறார்கள். 1977ஆம் ஆண்டு வெளிவந்த மான்ஸ்டர் தொகுப்பில் மிக முதிர்ந்த சிவப்பு டிராகனுக்கு இருந்த உயிர்ப்புள்ளி 88. 2014இல் அது 546. ஆனால் உயிர்ப்புள்ளி மட்டும் கூடும்போது சண்டை கடினமாவதைவிட நீளமாவதே அதிகம். 2008இல் வந்த நான்காம் பதிப்பு, தனித்து நின்று ஒரு குழுவையே எதிர்க்கும் எதிரிகளுக்குப் பெரும் உயிர்ப்புள்ளியை அள்ளிக் கொடுத்தது. முடிவு தெரிந்துவிட்ட சண்டையை மணிக்கணக்கில் இழுக்கவேண்டியிருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொண்டார்கள். பின்னர் வந்த தொகுப்புகளில் உயிர்ப்புள்ளியைக் குறைத்து அடியைக் கூட்ட நேர்ந்தது.

நானும் அந்த மருந்தை ஒருமுறை எடுத்தேன், அதுவும் மறைவாக. லிச் என்னும் இறவா மந்திரவாதிக்கு எதிரான சண்டை அது. 2014ஆம் ஆண்டுத் தொகுப்பு அதற்குத் தந்த உயிர்ப்புள்ளி 135. முதல் சுற்றிலேயே அது தீரப்போவதைக் கண்டதும், யாருக்கும் சொல்லாமல் மனத்துக்குள் இருநூறைக் கூட்டிக்கொண்டேன். சண்டை நீண்டது, பரபரப்பாகவும் இருந்தது. அடுத்த வாரம், குழுவிலேயே இளையவரான ஆட்டக்காரர் தன் தாளின் ஓரத்தில் எழுதிவைத்திருந்த கூட்டலைக் காட்டி, "அண்ணா, நாங்க அடிச்சதெல்லாம் கணக்குல சேர்ந்துச்சா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். நடந்ததை நால்வரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் சேமிப்பிலிருந்த மிக உயர்ந்த மந்திரத்தை அந்த முதல் சுற்றில்தான் செலவழித்திருந்தார். நான் மறைவாகக் கூட்டிய இருநூறு அந்த மந்திரத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டது. அவர் எவ்வளவு சிறப்பாக முடிவெடுத்தாலும் நான் நினைத்தபோதுதான் எதிரி சாகும் என்றால், அவர் பகடை உருட்டவேண்டிய தேவையே இல்லை.

இன்னொரு மருந்து, தடை. டெலிபோர்ட் இந்தக் குகையில் செல்லாது, அந்தக் கோட்டையில் மந்திரமே வேலை செய்யாது, இந்த எதிரிக்கு எல்லாவற்றிலிருந்தும் விதிவிலக்கு என்று அடுக்கிக்கொண்டே போவது. ஒரே ஒரு முறை, கதையில் அதற்கு ஆழமான காரணம் இருந்தால் ஏற்கலாம். பழக்கமாகிவிட்டால் அது அநீதி. நான்கு ஆண்டுகள், ஏறத்தாழ நூற்றைம்பது ஞாயிறுகள் உட்கார்ந்து சம்பாதித்த ஆற்றல் அது. கையில் வந்த மாதத்திலேயே அதைப் பூட்டிவைத்தால் ஆட்டக்காரர் எதற்காக வளர்ந்தார்?

சரி, என்னதான் செய்யலாம்? என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட அதிகம் பயன் தந்தது ஓய்வைப் பற்றிய கணக்கு. 2014ஆம் ஆண்டுச் சட்டப்புத்தகம், செலவழித்த ஆற்றல்கள் மீளும் ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் இடையே ஆறு முதல் எட்டு வரையிலான நடுத்தர அல்லது கடினமான மோதல்களைக் குழு தாங்கும் என்று கருதிக் கட்டப்பட்டது. 17ஆம் லெவலில் அந்த ஒருநாள் கணக்கு ஆளுக்கு 25,000 அனுபவப் புள்ளி, நால்வருக்கு ஒரு லட்சம். என் டிராகன் 62,000. ஒரு முழுநாள் உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாத ஒன்றை, காலையில் எழுந்து கைபடாத பலத்தோடு வந்தவர்கள் எதிரில் வைத்துவிட்டு, அது ஏன் வீழ்ந்தது என்று நான் வியந்திருக்கிறேன். 17ஆம் லெவல் மந்திரவாதியிடம் ஒரு நாளைக்கு 19 ஸ்லாட்கள் உண்டு. அவற்றில் ஆறாம் நிலை முதல் ஒன்பதாம் நிலை வரை நிலைக்கு ஒன்றே. அந்த நான்கும் தீர்ந்தபின் அவர் வேறு மந்திரவாதி. அப்போது எதிரில் நிற்கும் டிராகனும் வேறு டிராகன்.

ஆனால் ஓய்வெடுக்காதே என்று குழுவைத் தடுக்க முடியாது. நினைத்த நொடியில் ஊர்போய்ப் படுத்துறங்கித் திரும்பும் ஆற்றல் அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் படுத்துறங்கும் நேரத்தில் எதிரியும் சும்மா இருக்காது என்பதைக் கதை உண்மையாகவே காட்டவேண்டும். போய்விட்டுத் திரும்பினால் சிறைப்பட்டவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள்; வேள்வி முடிந்திருக்கும்; டிராகன் குகையைக் காலிசெய்து, ஓடிப்போனவர்களின் ஊரைத் தேடி வந்திருக்கும். இவற்றை மிரட்டலாகச் சொன்னால் போதாது. ஒருமுறையாவது நடந்துகாட்டவேண்டும்.

அடுத்தது முறைகள். நான்கு பேர் ஒரு சுற்றில் நான்கு முறை செயல்படும்போது, ஒற்றை எதிரி எவ்வளவு பலசாலியானாலும் ஒருமுறைதான் செயல்படும். பெரிய எதிரிக்குத் துணையாகச் சிறிய எதிரிகளை வைக்கும்போது அவர்களை வெறும் கூட்டமாக வைக்காமல் ஆளுக்கொரு வேலை கொடுத்தபோது என் சண்டைகள் மாறின. ஒருவன் மந்திரவாதியின் மந்திரத்தை முறிப்பதற்கென்றே நிற்பான். ஒருத்தி வீழ்ந்தவரை இழுத்துச் செல்வாள். இன்னொருவன் மணியை அடிக்க ஓடுவான். இவர்களின் சவால் எண் ஐந்தோ ஆறோதான். இருந்தும் குழுவின் முறைகளில் பாதியை இவர்களே தின்றுவிடுவார்கள்.

எதிரிக்கு மாஸ்டர் தன் அறிவைக் கடன் கொடுக்கவேண்டும் என்பதையும் தாமதமாகத்தான் கற்றேன். முதுபெரும் சிவப்பு டிராகனின் அறிவு எண் 18. தேர்ந்த மந்திரவாதிகளுக்கு நிகரானது. ஒரு சுற்றில் 80 அடி பறக்கக் கூடியது. அப்படிப்பட்ட ஒன்று, காசு ஒன்று காணாமற்போன அன்றே படுக்கையை மாற்றியிருக்காதா? இரும்பு உடுத்த இருவர் வாளோடு ஓடிவரும்போது தரையில் நின்று அடிவாங்குமா? பாதி உயிர் போனபின் பறந்து தப்பிக்கத் தோன்றாதா? அன்று என் டிராகன் தோற்றதற்கு ஆட்டக்காரர்களின் திறமை பாதிக் காரணம். அதை நான் ஒரு பொம்மையைப்போல் ஆட்டியது மறுபாதிக் காரணம். இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய எதிரியான டராஸ்க்கின் கதையும் இதுவே. தெற்கு பிரான்சின் தராஸ்கோன் ஊர்ப் பழங்கதையிலிருந்து பெயர் பெற்ற அதற்கு 2014இல் சவால் எண் 30, உயிர்ப்புள்ளி 676. ஆனால் சிறகும் கிடையாது, தொலைவில் இருப்பவரைத் தாக்க வழியும் கிடையாது. மந்திர அம்புகளோடு வானில் பறக்கும் ஒருவர் பொறுமையாக அதை வீழ்த்திவிட முடியும். 2025இல் வந்த புதிய தொகுப்பில் அதற்குத் தொலைவு வரை எட்டும் பேரொலியைக் கொடுத்தார்கள். அந்த ஒரு மாற்றம் நூறு உயிர்ப்புள்ளியைவிட மதிப்புள்ளது என்பேன்.

'லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய எதிரிகள் தாம் தோற்ற சேவிங் த்ரோவை நாளைக்கு மூன்று முறை வென்றதாக அறிவித்துக்கொள்ளும் உரிமை அது. ஒரே மந்திரத்தில் சண்டை முடிந்துவிடாமல் காக்கும் தேவையான விதிதான். ஆனால் தன் முறைக்காக இருபது நிமிடம் காத்திருந்து மந்திரம் போட்டவரிடம் "இல்லை, பலிக்கவில்லை" என்று மட்டும் சொல்வது கொடுமையாக இருந்தது. இப்போது எங்கள் மேசையில், டிராகன் ஒரு மந்திரத்தை அப்படி உதறும்போதெல்லாம் அதன் செதில் ஒன்று வெடித்து, கவச எண்ணில் ஒன்று குறையும். மந்திரவாதி தோற்கவில்லை, போர்வீரனுக்கு வழி திறந்துவிட்டார். இந்தச் சிறு மாற்றத்தை மற்ற மாஸ்டர்களும் செய்துபார்க்க வேண்டுகிறேன்.

சட்டத்தை எழுதுபவர்கள் இதை உணரவில்லை என்று சொல்லமாட்டேன். 2024இல் திருத்தி வெளியிட்ட மாஸ்டர்களுக்கான நூலில், 20ஆம் லெவல் ஆள் ஒருவருக்குரிய உச்ச எல்லை 12,700 புள்ளியிலிருந்து 22,000 ஆக உயர்ந்துள்ளது. எதிரிகளின் எண்ணிக்கைக்கேற்பப் பெருக்கும் பழைய முறையும் கைவிடப்பட்டுவிட்டது. முதல் லெவலுக்கான உச்ச எல்லை அன்றும் இன்றும் அதே 100தான் என்பதைக் கவனித்தால், பழைய கணக்கு எங்கே பொய்த்தது என்பது விளங்கும். ஆயினும் புதிய அட்டவணைப்படி 17ஆம் லெவல் நால்வருக்கு உச்ச எல்லை 46,800. என் டிராகன் அதையும் தாண்டியதே. ஆகவே புதிய நூல் அன்று என் கையில் இருந்திருந்தாலும் நான் அதே சண்டையைத்தான் அமைத்திருப்பேன். டிராகனும் அதே மூன்றாம் சுற்றில்தான் விழுந்திருக்கும்.

2019இல் வந்த 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பு இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. அங்கே தேர்ந்த திறன்கள் எல்லாவற்றோடும் லெவலே கூட்டப்படுகிறது. தன் லெவலைவிட நான்கு கூடுதலான ஓர் எதிரி, முதல் லெவலிலும் 16ஆம் லெவலிலும் ஏறக்குறைய ஒரே அளவு அச்சுறுத்தும். கணக்கு நிற்கவேண்டும் என்று விரும்பும் மாஸ்டருக்கு அது பெரிய வரம். பத்து லெவல் தாண்டியவரைக் கீழ்நிலை எதிரிகள் தொடவே முடியாமற்போவது அதற்குக் கொடுக்கும் விலை. ஊர்க்காவலர் நூறு பேர் சூழ்ந்தால் மாவீரனும் கலங்கவேண்டும் என்று நினைப்பவன் நான். எனவே பழைய ஆட்டத்திலேயே இருந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு எங்கள் கதையின் கடைசிப் பகுதியை அமைத்தபோது மிகப் பெரிய எதிரி எது என்று தேடுவதை விட்டேன். 20ஆம் லெவலை நெருங்கியவர்களுக்குச் சாவுகூடப் பெரிய அச்சம் இல்லை. இறந்தவரை எழுப்பும் மந்திரங்கள் அவர்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. எதை இழக்க அஞ்சுவார்கள் என்று யோசித்தேன். முதல் லெவலில் அவர்களுக்குச் சோறு போட்ட சத்திரம், பாலடின் படித்த மடம், ரோக்கின் தங்கை இருக்கும் துறைமுகம் ஆகிய மூன்றும் ஒரே இரவில் தாக்கப்பட்டன. எதிரிகளில் எவருடைய சவால் எண்ணும் 16ஐத் தாண்டவில்லை. நால்வரும் எந்த இடத்துக்கும் நொடியில் போகலாம். ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் இருக்க முடியாது. டெலிபோர்ட் மந்திரத்தை நான் தடுக்கவில்லை. அதைக் கொண்டு எங்கே போவது என்பதுதான் அன்றைய சண்டையே. மூன்று ஞாயிறுகள் அந்த ஓரிரவை ஆடினோம். விடியும்போது மந்திரவாதியிடம் எஞ்சியிருந்தது ஒரே ஒரு இரண்டாம் நிலை ஸ்லாட். சத்திரமும் துறைமுகமும் பிழைத்தன. மடம் எரிந்துவிட்டது. பாலடினாக ஆடும் நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த மடத்தை மறுபடி கட்டுவதைத்தான் அடுத்து ஆடவேண்டும் என்று கேட்டார்.

கட்டுரையாளர் இந்த ஆட்டத்தைப் பற்றி மேலும் எழுதவிருப்பதாக இணைப்பின் இறுதியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டுப் பகடை வாங்கப்போகும் இளைஞர்கள் சிலராவது சில ஆண்டுகளில் 17ஆம் லெவலை எட்டுவார்கள். அவர்களுக்காகச் சவால் எண்ணின் எல்லையைப் பற்றியும், அந்த எண்ணுக்குள் அடங்காத ஓய்வு, முறை, இடம், எதிரியின் அறிவு ஆகியவற்றைப் பற்றியும் அடுத்த பகுதியில் அவர் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் நான்கு ஆண்டுக் குறிப்பேடுகளை அவருக்குப் பயன்படுமானால் அனுப்பிவைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.